சாப்பு என்றால் என்ன

ஜூலை 7, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. அரைநாள் லீவு. நானும் பவானியும் மகள் இனியாவைக் கிளினிக்குக்குத் தூக்கிப்போனோம். போன தடவை இருந்த எடைதான் இன்றும். நடுவில் வந்த காய்ச்சல் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் தாதி. ஆனாலும் எடை அட்டையில் கோடு ஏறாமல் படுத்துவிட்டது அவருக்குப் பிடிக்கவில்லை. பால் புட்டியைக் குறைக்க வேண்டும். வாயைப் பிடித்துத் திணிக்கக் கூடாது. மாதக் கடைசியில் மறுபடி எடை. அப்போதும் ஏறவில்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம்.

பிரிக்பீல்ட்ஸ் வந்து வீட்டுக்குப் படி ஏறும்போது பவானி, "ரெண்டு வயசு ஆகப்போவுது, தூக்கினா கையில கனமே இல்ல" என்றாள்.

எனக்குப் புரியாதது ஒன்று. சாப்பாடு பிடிக்காத பிள்ளை சாப்பாடு கேட்காது. இவள் கேட்கிறாள். எழுந்ததும் "சாப்பு". குளித்ததும் "சாப்பு". கேட்கிறாளே என்று தட்டைக் கொண்டுபோனால் தட்டிவிடுகிறாள். நான் லிஃப்ட் மெக்கானிக். பொத்தானை அமுக்கி லிஃப்டை வரவழைத்து, கதவு திறந்ததும் ஏறாமல் ஓடுகிற பள்ளிக்கூடப் பையன்களைப் பார்த்திருக்கிறேன். அது குறும்பு. இது குறும்பாகத் தெரியவில்லை. தட்டைப் பார்த்ததும் அவள் முகத்தில் நிஜமான ஏமாற்றம்.

குடையைக் கிளினிக்கில் விட்டாயிற்று.

ஜூலை 8, செவ்வாய்

வெயில். செலாயாங்கில் ஒரு பிளாட்டில் கதவு மூடாத லிஃப்ட். மோட்டார் போய்விட்டது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கதவு ஓடுகிற பள்ளத்தில் ஐஸ்கிரீம் குச்சி. எடுத்துப்போட்டதும் மூடிக்கொண்டது.

வேலையில் எனக்கு ஒரு பழக்கம், ஒரு நேரத்தில் ஒரு பாகத்தைத்தான் மாற்றுவேன். இரண்டை மாற்றினால் எது கெட்டிருந்தது என்று கடைசிவரை தெரியாது. வீட்டிலும் அப்படியே செய்வதாக முடிவு. இன்றைக்குப் பால் மட்டும். மாலைப் புட்டி கிடையாது.

இரவு:
சோறும் பருப்பும் - துப்பினாள்
முட்டை - மஞ்சளை நக்கினாள்
கேரட் - சோபாவுக்கு அடியில்
வாத்துப் பாட்டு - முழுவதும் பார்த்தாள்

அந்த வாத்துப் பாட்டு பல் முளைத்த காலத்திலிருந்து ஓடுகிறது. "சாப்பிடலாம் வா, சாப்பிடலாம்" என்று பவானி கைப்பேசியை எதிரே சாய்த்து வைப்பாள். பாட்டு வரும், வாய் திறக்கும், கரண்டி போகும். அப்போது நன்றாகத்தான் வேலை செய்தது. இப்போது சோறு கன்னத்திலேயே ஊறுகிறது. விழுங்குவதில்லை. வாத்து மட்டும் பத்திரமாக உள்ளே போகிறது.

ஜூலை 10, வியாழன்

புகைமூட்டம். எல்லோருக்கும் தொண்டை கரகரப்பு.

நேற்று புதுத் தட்டு, சிவப்பு. அதையும் எறிந்தாள். இன்று தட்டு பழையது, நாற்காலி புதிது. நாற்காலியில் சந்தோஷமாக உட்கார்ந்தாள், வாயை இறுக்கிக்கொண்டாள்.

பவானி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நான் வேலைய விட்டுடுறேன்ங்க. மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்" என்றாள். மாதக் கடைசிவரை யோசித்துச் சொல் என்றாராம் மேனேஜர். இன்சூரன்ஸ் ஆபீசில் இப்போதுதான் கவுண்டரை முழுதாக இவள் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். அதற்குக் கொடுத்த பெயர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கண்ணாடி பார்த்தவளை நான் பார்த்திருக்கிறேன்.

ஏன் என்று கேட்டேன். "பகல்ல கீழ்வீட்டுல விட்டா நல்லா சாப்பிடுதாம். என்னைக் கண்டா வாய மூடிக்குது. அப்ப என்கிட்டதானே கோளாறு?"

பழுது எங்கே என்று தெரியாமலே பாகத்தைக் கழற்றி எறிகிற வேலை இது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்றிரவு எனக்கும் சோறு இல்லை.

பயமாக இருக்கிறது. பிள்ளையை நினைத்துக் கொஞ்சம், இவளை நினைத்து அதிகம்.

ஜூலை 11, வெள்ளி

பக்கத்துக் கட்டடத்தில் வேலை. மதியம் சொல்லாமல் கொள்ளாமல் கீழ்வீட்டுக்குப் போய் நின்றேன். காக் ரோஸ் வீடு. மலாய்க்கார அக்கா, பகலில் இனியாவை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். "பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறது" என்று அவர் சொல்லும்போதெல்லாம் எங்களைத் தேற்றுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

தரையில் பாய். "மாக்கான்" என்று சாப்பிட வரச்சொல்லி ஒரு குரல் கொடுத்தார். அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் ஓடிவந்தார்கள், நடுவில் என் மகள். சோறு, பொரித்த மீன், கொஞ்சம் சூப். யாரும் ஊட்டவில்லை, கெஞ்சவில்லை. பாதி பாயில், பாதி வயிற்றில். என்னை ஒரு தடவை பார்த்தாள், பிறகு மீனைப் பார்த்தாள்.

கை கழுவியதும் நேரே என்னிடம் வந்து கால்சட்டைப் பையைப் பிடித்து இழுத்தாள். "சாப்பு, சாப்பு."

காக் ரோஸ் சிரித்துக்கொண்டே விளக்குமாற்றை எடுத்துவந்தார். உங்கள் மகள் ரொம்பச் சுறுசுறுப்பு, தினமும் கூட்ட வேண்டும் என்று கேட்கிறாள், ஆனால் கொடுத்தால் எறிந்துவிடுகிறாள் என்றார். எனக்கு ஒரு நிமிடம் பிடிபடவில்லை. மலாயில் சாப்பு என்றால் கூட்டுவது. வாய்விட்டுச் சிரித்தேன்.

படி ஏறும்போது சிரிப்பு நின்றுவிட்டது. வயிறு நிறைந்த பிள்ளை எதற்குச் சாப்பாடு கேட்கிறது? சோறும் வேண்டாம், விளக்குமாறும் வேண்டாம். அப்படியென்றால் அவள் கேட்பது வேறு ஏதோ ஒன்று.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் பாசாரில் காய்கறி வாங்கினோம். கத்தரிக்காய் நன்றாக இருந்தது.

கண்டுபிடித்தாயிற்று. வரிசையாக எழுதிவைக்கிறேன்.

பவானி தோசைத் தட்டோடு கூடத்தில். "சாப்பிடலாம் வா." இனியா குதித்து எழுந்தாள், "சாப்பு!" ஆனால் ஓடியது சமையலறைக்கு. குளிர்பெட்டிக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் தூக்கினாள். குளிர்பெட்டி மேல் என் கைப்பேசி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

அதை எடுத்துக் காட்டினேன். "சாப்பு."

தோசைத் தட்டைக் காட்டினேன். கொஞ்சம் யோசித்து, "மாக்கான்."

ஒரு தடவை வந்தால் தற்செயல். ரிமோட்டைக் காட்டினேன், பேசவில்லை. கரண்டி, பேசவில்லை. பவானியின் கைப்பேசி, "சாப்பு, சாப்பு, சாப்பு."

பல் முளைத்ததிலிருந்து ஒவ்வொரு வேளையும் அந்தச் சொல்லோடு கைப்பேசி வந்து உட்கார்ந்திருக்கிறது. அவள் சரியாகத்தான் கற்றுக்கொண்டாள். நாங்கள்தான் வேறு ஒன்றைக் கற்பித்துவிட்டு வேறு ஒன்றை எதிர்பார்த்தோம். அன்று என் கால்சட்டைப் பையை இழுத்ததும் இதற்குத்தான்.

பவானி தட்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப இத்தன நாளா போன் தரேன்னு கூப்பிட்டுட்டு சோத்தக் கொண்டுபோய் நீட்டியிருக்கேன்." வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அழுதாள். நான் தோளைத் தொட்டபோது, "என்னை வேணாம்னு சொல்லலங்க" என்றாள்.

தோசையை நான் சாப்பிட்டேன். ஆறியிருந்தது.

ஜூலை 15, செவ்வாய்

சாப்பாட்டு நேரத்தில் இரண்டு கைப்பேசியும் இழுப்பறைக்குள். கண்டுபிடித்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தது என் தொழில் புத்தி. பிள்ளை லிஃப்ட் இல்லை. நேற்றும் இன்றும் கத்திய கத்தலில் எதிர்வீட்டு அங்கிள் கதவைத் திறந்து பார்த்தார்.

இனி நாமும் மாக்கான் என்றே கூப்பிடலாம், வேலை சுலபம் என்றேன். பவானி ஒத்துக்கொள்ளவில்லை. "அது காக் ரோஸ் வீட்டுச் சொல்லு. அங்க அது இருக்கட்டும். நம்ம வீட்டுக்குன்னு ஒண்ணு வேணும்லா."

யோசித்துக் கடைசியில் "சோறு" என்று முடிவானது. தோசையும் சோறு, இடியாப்பமும் சோறு. அது எப்படி என்று கேட்டேன். என் கருத்தை யாரும் கேட்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி

மழை. ஆபீசிலிருந்து வரும் வழியில் பவானி ஒரு பாய் வாங்கி வந்தாள். மூன்று பேரும் தரையில். தட்டில் கொஞ்சமாக வைப்பது, வேண்டும் என்றால் மறுபடி. ஊட்டுவதில்லை. முக்கியமாக, அவளையே முறைத்துப் பார்ப்பதில்லை.

கடைசி விதியைப் பவானியால் காப்பாற்ற முடியவில்லை. அணைத்த தொலைக்காட்சியின் கறுப்புத் திரையில் மகள் தெரிகிறாளா என்று பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

இனியா தன் தட்டைத் தொடவில்லை. அம்மா தட்டிலிருந்து ஒரு வெள்ளரித் துண்டை எடுத்தாள். முகர்ந்தாள். கடித்தாள். இன்னொன்று எடுத்தாள். பவானி அசையவே இல்லை, என் காலை மட்டும் மிதித்தாள். நன்றாகவே வலித்தது.

ஜூலை 20, ஞாயிறு

இன்று முழுக்க ஒரே ஒரு பிஸ்கட். காரணம் தெரியவில்லை. எதையும் மாற்றவில்லை. எழுதவும் பிடிக்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

நேற்று அரை இட்லி, மீன். இன்று காலை ஒன்றுமில்லை, மாலையில் முட்டை முழுதும், வெள்ளையோடு. ஒரு வேளையை வைத்துத் துள்ளவும் கூடாது, இடிந்துபோகவும் கூடாது போல.

இனியாவின் தமிழ்: "சோவு". முதல் தடவை சொன்னபோது என்னவென்று கேட்கப்போனேன். பவானி அதற்குள் தட்டை எடுத்து வந்துவிட்டாள்.

வேலையை விடுவது பற்றி அவள் பேசவில்லை. நானும் கிளறவில்லை.

ஜூலை 25, வெள்ளி

கிளினிக். கோடு கொஞ்சம் ஏறியிருக்கிறது. கொஞ்சம்தான். கடிதம் தேவையில்லை என்றார் தாதி, இப்படியே தொடருங்கள், அடுத்த மாதம் பார்ப்போம். பவானி அட்டையை வாங்கி அந்தக் கோட்டை மறுபடி ஒரு தடவை பார்த்தாள்.

என் குடை அங்கேயே இருந்தது. யாரோ மடித்து வைத்திருந்தார்கள்.

ஜூலை 26, சனி

வெயில். காலைத் தோசை, பாயில். நான், பவானி, இனியா.

பாதியில் அறைக்குள்ளிருந்து பவானியின் கைப்பேசி மணி. இழுப்பறையில் போட மறந்திருக்கிறாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதற்குள் இனியா எழுந்து ஓடிவிட்டாள். போச்சு, இன்றைக்கு அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். பவானி மடியில் போட்டாள். "அம்மா, சாப்பு." திரும்பித் தன் தட்டின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மேனேஜர்தான். சனிக்கிழமையிலும் விடவில்லை. பவானி மகளையே பார்த்துக்கொண்டு பேசினாள். "இல்ல மேடம், நான் எங்கயும் போகல. திங்கக்கிழமை வரேன்."

இனியா தட்டில் இன்னும் பாதித் தோசை இருந்தது. வேண்டாம் போலிருக்கிறது என்று எடுக்கப்போனேன். கையில் ஓங்கி ஒரு அடி விழுந்தது.