மணிக்கட்டுக்கு ஒரு பூ

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் மகள் மஞ்சுளா நேற்று பபேடான் கடைத்தெருவில் இருக்கும் என் பூக்கடைக்கு வந்து, தன் கல்யாண வரவேற்புக்கான பூக்களைச் சொல்லிவிட்டுப் போனாள். ஆண்கள் கோட்டில் குத்திக்கொள்ள எட்டு, உங்களுக்குத் தோளில் குத்த ஒன்று. எல்லாமே வெள்ளை ஆர்கிட். மல்லிகை கேட்டாள். ஹோட்டலுக்குப் போய்ச் சேர்வதற்குள் பழுப்பேறிவிடும், வேண்டாம் என்றேன்.

“அம்மா இந்த வெயில்லயும் முழுக்கை ஜாக்கெட்தான் தைக்கக் குடுத்திருக்காங்க அத்தே. சொன்னாக் கேக்க மாட்டேங்குறாங்க” என்றாள். காரணம் அவளுக்குத் தெரியாது போலிருக்கிறது.

அதனால் உங்கள் பூவைத் தோளுக்குச் செய்யவில்லை. இடது மணிக்கட்டில் கட்டுகிற மாதிரி, அகல ரிப்பனில் மூன்று வரிசை வைத்துத் தைத்திருக்கிறேன். அளவு கேட்கவில்லை. அன்று அந்தக் கையில் மருந்து போட்டுத் துணி சுற்றியவள் நான்தானே. அரைக்கை ஜாக்கெட்டே போடுங்கள், தழும்பு தெரியாது.

எண்ணெய் தெறித்துவிட்டது என்று கோயில் பெரியவர்களிடம் சொல்லி அண்ணனைக் காப்பாற்றியவளும் நான்தான். பதினாறு வருஷமாக நீங்கள் என்னோடு பேசாததில் தப்பே இல்லை.

பெட்டியில் கோட்டுப் பூ ஏழுதான் இருக்கும். எண்ணிக்கை தவறவில்லை. அண்ணனுக்கு நான் கட்டவில்லை. ஏன் என்று அவரே வந்து கேட்கட்டும், பெரியவர்கள் இருக்கும்போதே கேட்கட்டும். இந்தத் தடவை எண்ணெய் என்று சொல்ல மாட்டேன்.

பூவில் தண்ணீர் தெளிக்க வேண்டாம், கறுத்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்