அத்தாவின் நெஞ்சும் உன் புறாக்களும்

அன்பு மகன் கலீமுக்கு உன் அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். ரப்புடைய கிருபையால் நானும் உன் அக்கா ரிஃபானா வீட்டாரும் சுகம், உன் சுகத்துக்கு ஐந்து நேரமும் துஆ கேட்கிறேன். உன் அத்தாவையும் அந்த வரிசையில் சேர்த்து எழுத மனசு வரவில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதமே. ஃபோனில் சொல்லலாம் என்றால் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கிறார், அதனால் லீவு முடிந்து நீ இருக்கிற தம்மாமுக்கே திரும்பும் ஹாலித் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

காந்தி மார்க்கெட்டுக்கு நடந்து போனவர் மூச்சு வாங்கி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். டாக்டரிடம் காட்டினால் வெறும் சளி இல்லையாம், நுரையீரலில் தழும்பு விழுந்து இறுகிக்கொண்டு வருகிறதாம். என் கையில் எண்ணெய் தெறித்த தழும்பைக் காட்டித்தான் விளங்கவைத்தார். புண் பட்டால் ஆற்றுவதற்கு உடம்பே வளர்ச்சிக் காரணி என்று ஒன்றைச் சுரக்குமாம், அது சொல்லித்தான் புதுச் சதை கட்டுமாம், ஆறியதும் அடங்கிவிட வேண்டும். இவருக்கோ மாடியில் வளர்க்கிற புறாக்களின் இறகுத் தூசியும் எச்சத் தூசியும் தினம் உள்ளே போய் உறுத்த, அது அடங்காமல் சுரந்துகொண்டே இருக்க, நுரையீரல் தடித்து விரிய மாட்டேன் என்கிறது. நல்லது செய்ய வந்ததே நிறுத்தத் தெரியாமல் ஆளைக் கொல்லுமா என்று நினைத்து நினைத்து மாய்ந்துபோகிறேன். மாத்திரை அதன் வேகத்தைக் குறைக்கும், விழுந்த தழும்பு போகாது, தூசி நிற்காவிட்டால் மாத்திரையாலும் பிரயோஜனமில்லை என்று சொல்லிவிட்டார்.

போன வாரம் ரிஃபானாவும் நானும் அழுது புலம்பி, புறாக்கள் அத்தனையையும் வையம்பட்டியில் இருக்கிற அத்தாவின் சிநேகிதர் சவரிராயனிடம் கொடுக்க வைத்தோம். புது இடம் பழகும்வரை இறக்கையைக் கட்டிவைக்க வேண்டும் என்பது புறா வளர்க்கிற யாருக்கும் தெரியும். இந்த மனுஷர் என்ன செய்தார் தெரியுமா, பாவம் கட்டாதீங்க என்று அவர் காதில் ஓதிவிட்டு வந்திருக்கிறார். மறுநாள் சாயங்காலம் அஸர் பாங்குக்கு முன்னால் எல்லாம் பறந்து வந்து நம் மொட்டைமாடியில். மாப்பிள்ளை மாதிரிச் சிரிக்கிறார், மாடிப்படி ஏறின மூச்சு மட்டும் அடங்கவே இல்லை. எனக்கு வந்த கோபத்தில் நன்றாகக் கேட்டுவிட்டேன். அப்போதுதான் சொன்னார், "புறா எனக்கா நஜீமா? ஏர்போர்ட்டில கலீம், அத்தா புறாவப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுப் போனான். அவன் வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

நீ அதை மறந்தே இருப்பாய், அவர் மறக்கவில்லை. கே.கே. நகரில் தன் வீட்டில் நாங்கள் வந்து தங்க ரிஃபானா மாடி அறையை ஒழித்து வைத்திருக்கிறாள், புறாவை விட்டு வரமாட்டேன் என்கிறார், என் பேச்சு எடுபடவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே, அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கூப்பிடும்போது, எனக்குப் புறா வேண்டாம் அத்தா, நான் வரும்போது நீங்கள் இருந்தால் போதும் என்று உன் வாயால் சொல்லிவிடு மகனே. நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லாதே.

உன் அம்மா
நஜீமா