மாடிக்குப் போன பாராயணம்

மார்ச் 3
என் இருமலின் பெயர் இன்று தெரிந்தது: காசநோய். எனக்கு வந்ததைத் திருவுளம் என்று ஏற்கலாம். பேத்தி குண்டுமணிக்கு இரண்டே வயது. அவளுக்கும் தொற்றியிருக்குமோ? மனம் வேறெதிலும் நிற்கவில்லை.

மார்ச் 4
இல்லாள் என் தட்டைக் கொதிநீரிலிட்டு இடுக்கியால் எடுக்கிறாள். பிறகு, காற்று ஆகாதென்று சன்னல்களை அடைத்துவிட்டு, என் அருகிலேயே அமர்ந்து விசிறுகிறாள். குண்டுமணி என்னிடம் வரக்கூடாது. காலைப் பாராயணத்துக்கு மட்டும் விலக்கு. வழிபாட்டறையில் தீங்கு நுழையாதென்பது எங்கள் துணிபு.

மார்ச் 5
மாத்திரை தொடங்கியது. சிறுநீர் அந்திவானமாய்ச் சிவந்தது. முடிவு நெருங்கிற்றென்று தெளிந்து, அனைவரையும் கதவருகே அழைத்து நிலையாமை பற்றி உரைத்தேன்.
"மருந்து அப்படித்தான் நிறம் மாத்தும்னு டாக்டர் சொன்னாரே மாமா" என்றாள் மருமகள்.
நிலையாமையைப் பாதியில் நிறுத்தினேன்.

மார்ச் 9
மருத்துவர் வந்தார்.
"தட்டு மேல என்னம்மா கோபம்? இது காத்துல பரவுறது. முதல்ல ஜன்னலைத் திறங்க." என்னிடம், "முகக்கவசம் எப்பவும் போடறீங்களா?"
"பாராயணத்தின்போது இறக்குவேன். வாயை மூடிக்கொண்டா இறைவனைத் துதிப்பது?"
"கடவுளுக்குத் தொத்தாது, சரி. பின்னாடி உட்கார்ந்து கேக்கறது யாரு?"
இல்லாள் கையைத் தூக்கினாள். அதைப் பார்த்துக் குண்டுமணியும் தூக்கினாள்.
திருநாமங்களோடு எதையெல்லாம் அனுப்பினேன்? அடேய் கிழவா, உனக்கு அறிவே கிடையாதா—

மார்ச் 10
பாராயணம் மொட்டைமாடிக்குப் போயிற்று. கேட்க வந்தது ஒரு காக்கை. அதுவும் நடுப்பாட்டில் எழுந்து போயிற்று. அடுத்த மாடியில் துணி உலர்த்திய தையற்காரர், "ஐயா, இனிமே தினமுமா?" என்றார். பக்தியால் கேட்டதாகத் தோன்றவில்லை.

மார்ச் 16
சோதனையில் எவருக்கும் நோயில்லை. தெய்வமே. குண்டுமணிக்கு மட்டும் முன்காப்பாக மாத்திரை, துப்பிவிடுகிறாள். நான் சன்னலுக்கு வெளியே நின்று, கவசத்தின் கீழே கையை நுழைத்து என் மாத்திரையை விழுங்கிக் காட்டினேன். அவளும் விழுங்கிவிட்டு நாக்கை நீட்டினாள். நானும் நீட்ட வேண்டுமாம். கவசத்துக்குள் நீட்டினேன். அவள் நம்பவில்லை.

மார்ச் 17
நாக்கு. மீண்டும் நாக்கு.

மே 20
சளியில் கிருமி இல்லை. மாத்திரையை நிறுத்தக்கூடாது, ஆனால் கவசம் வேண்டாம், பிள்ளையைத் தூக்கலாம் என்றார் மருத்துவர். வெறும் முகத்தோடு கை நீட்டினேன். குண்டுமணி வீறிட்டு இல்லாளின் பின்னால் ஒளிந்தாள்.
"தாத்தா எங்கே?"
"இதுதான்டி தாத்தா. மூஞ்சியே அப்படித்தான்" என்றாள் இல்லாள்.
கவசத்தை மறுபடி அணிந்தேன். ஓடிவந்து மடியில் ஏறினாள். கனத்துவிட்டாள். சன்னலருகே அமர்ந்து, வாயை மூடியபடியே பாராயணத்தைத் தொடங்கினேன். இறைவன் பொறுத்துக்கொள்வார்.