நானும் ரத்தம் கொடுத்துப் பார்க்கட்டுமா என்று நீ கேட்டதற்கு

கூக்கால்

அன்பு மகள் சுபஸ்ரீக்கு, அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் தம்பி சக்திவேலும் சுகம், பசு கன்று போட்டிருக்கிறது, எனக்கும் காய்ச்சல் தலைவலி என்று ஒன்றுமில்லை. அயர்லாந்துக் குளிரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க முருகன் துணையிருக்கட்டும். போன வாரம் போனில், அப்பா நானும் ரத்தம் குடுத்துப் பாக்கட்டுமா என்று கேட்டாய். சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் வாய் வரவில்லை. பேசும்போது வார்த்தை நழுவிப்போகிறது, எழுதினால் அடித்துத் திருத்தலாம், அதனால்தான் கடிதம்.

அம்மா உன்னிடம் எதைச் சொன்னாள் எதை மறைத்தாள் என்று தெரியாது, நானே சொல்லிவிடுகிறேன். நடவுக்காக, அடுப்புக்கு மேலே புகையில் கட்டித் தொங்கவிட்டிருந்த விதைப்பூண்டை இறக்கிப் பல் பிரிக்க உட்கார்ந்தேன். தோலோடு நட வேண்டும் என்பது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் ரசத்துக்கு உரிப்பதுபோல அத்தனையையும் உரித்துக் குவித்துவிட்டேன். உரித்த பல் மண்ணில் அழுகித்தான் போகும். என்னங்க இப்பிடிப் பண்ணிப்புட்டீங்க என்று மட்டும் கேட்டுவிட்டு உன் அம்மா அதை ஊறுகாய் போட எடுத்துப்போனாள். திட்டியிருந்தால் தேவலை. அதற்குப் பிறகுதான் சக்திவேல் என்னை மதுரைக்குக் கூட்டிப்போனான்.

அங்கே ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த டாக்டரம்மா முதலில் வம்சத்தைத்தான் விசாரித்தார். என் அப்பா ஐம்பது வயதில் சொந்த வாசலில் நின்று வீட்டுக்கு வழி கேட்டதையும், கிளாவரையில் கட்டிக்கொடுத்த உன் வள்ளி அத்தை பெற்ற மகனையே யாரென்று கேட்டதையும் சொன்னேன். நாம் அதைச் செய்வினை என்று நினைத்துக் கோடாங்கியிடம் குறி கேட்கப் போனோம். ரத்தம் எடுத்துச் சோதித்த பிறகு அவர், வயதானவர்களுக்கு வரும் மறதி பெரும்பாலும் இப்படி வம்சவழியில் நேராக இறங்குவதில்லை, உங்களுடையது அபூர்வம், ஒரு ஜீனில் சின்னப் பிசகு, அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் அல்சைமர் வந்திருக்கிறது, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார். வராமல் தடுக்க மருந்து உண்டுங்களா என்று கேட்டேன். இன்றுவரை இல்லை என்றார்.

எனக்கு வேணாம்ப்பா, தெரிஞ்சு என்ன செய்ய, அது பாட்டுக்குக் கெடக்கட்டும், நான் என் சோலியைப் பாக்குறேன் என்று சக்திவேல் சொல்லிவிட்டான். ஆனாலும் மண்வெட்டியை எங்கே வைத்தோம் என்று தேட நேர்ந்தால் அவன் முகம் வெளிறிப்போகிறது. கல்யாணத்துக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறாய் நீ, அதுவும் நியாயம்தான். பார் என்று சொல்லவும் பயம், பார்க்காதே என்று சொல்லவும் பயம். பூச்சி விழுந்தால் மருந்தடிப்பேன், காட்டுமாடு வந்தால் விரட்டுவேன், இதற்கு நான் என்ன செய்ய தாயி. என் மூக்கு அப்படியே உனக்கு என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். இப்போது போட்டோவில் அந்த மூக்கைப் பார்த்தால் படத்தைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.

முடிவை நீயே எடு, எதுவானாலும் எனக்குச் சம்மதம். கம்பளி போட்டுக்கொள், தனியாக உட்கார்ந்து அழாதே, நூறு வயசு நல்ல நினைவோடு இரு. ஒன்று மட்டும் மறக்காதே. பார்த்துவிட்டாயானால், வந்தது எதுவானாலும் என்னிடம் நல்ல சேதி என்றே சொல்லிவிடு. நான் மறந்துபோய் மறுபடியும் மறுபடியும் கேட்பேன், கெட்டதாக இருந்தால் அத்தனை தடவையும் அதை நீ உன் வாயால் சொல்ல வேண்டாம்.

உன் அப்பா,
நல்லசாமி