பஞ்சுக்குள் போகாமலிருக்க

இன்று காலை பழைய சர்வரைக் கழற்றச் சொன்னார்கள். மூடியைத் திறந்ததும் உள்ளே சாம்பல் நிறத்தில் பஞ்சு அப்பிக் கிடந்தது. அந்த வாடைக்கே உனக்கு இளைப்பு வந்துவிடும். கையில் திருப்புளியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தாடிக்கொம்பு சாலையில் இருக்கும் இந்த நூற்பாலைக்கு நாம் இருவரும் ஒன்றாகத்தான் கணினி வேலைக்கு வந்தோம். ஷெட்டுகளின் கணினி இணைப்பு அறுந்தால் எங்கே அறுந்தது என்று தெரியாது. ஒவ்வொரு ஷெட்டாக நுழைந்து பார்க்க வேண்டும். நீ கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு போவாய். வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். உனக்கு மூச்சு திரும்பும் வரை நானும் பக்கத்தில் நிற்பேன்.

அதனால்தான் ஒரு மென்பொருளைத் தேடினோம். ஆலை முழுவதன் இணைப்புகளையும் ஓரிடத்திலிருந்தே கவனிக்கும். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். திண்டுக்கல் பிரவுசிங் சென்டரில் இறக்கி, சிடியில் ஏற்றி வந்து, அப்போது ஒதுக்கிப் போட்டிருந்த இதே கணினியில் லினக்ஸ் போட்டு நிறுவ உட்கார்ந்தோம். ஒரு ஃபைல் இல்லை என்றது. அதைக் கொண்டுவந்தால் இன்னொன்று இல்லை என்றது. மறுபடி பஸ், மறுபடி சென்டர்.

"ஏலே, இது மாப்ள வீட்டுக்காரவுக கணக்கா ஒண்ணு ஒண்ணாக் கேக்குது" என்றாய்.

ஒருவழியாகத் திரையில் எல்லா ஷெட்டும் பச்சையாக வந்தது. சோதித்துப் பார்க்க நீ ஒரு வயரைப் பிடுங்கினாய். ஒரு ஷெட்டின் பெயர் மட்டும் சிவந்தது. நீ நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாய்.

சில மாதம் அப்படி ஓடிய பின் மேலாளர் வந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. இதுவே பாத்துக்கிரும்னா இங்க ஒரு ஆள் பத்தாதா? யாருன்னு நீங்களே பேசிச் சொல்லுங்க."

டீக்கடையில் நான் வாயைத் திறக்கும் முன்பே நீ சொல்லிவிட்டாய்: "நீ இரு அப்பு. ஒனக்கு இப்பத்தான் புள்ள பொறந்திருக்கு. எனக்கு இந்தப் பஞ்சு ஆகாது."

"நீ எங்க போவ?"

"பேகம்பூர்ல மச்சான் தோல் கடை இருக்குல்ல. நாறும், ஆனா நெஞ்ச அடைக்காது."

அங்கே போனபின் உன் மூச்சு சீரானது உண்மை. அதற்காகத்தானே செய்தோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்; சில நாள் நம்புவேன். சிவப்பு எங்கே என்று திரை சொல்லும், போய்ச் சரிசெய்ய ஆள்தான் போகவேண்டும். இருவர் நடையை நான் ஒருவனாக நடந்தேன். மாரடைப்பில் நீ போய்விட்டாய், சாயங்காலமே அடக்கம் என்று சேதி வந்த மத்தியானமும் ஒரு ஷெட் சிவந்திருந்தது. மாற்றிவிட வேறு ஆள் இல்லை. முடித்துவிட்டு மையவாடிக்கு ஓடிவந்தபோது மண் போட்டு முடிந்திருந்தது.

நாளை முதல் புதிய மென்பொருள். எனக்கு அதில் ஆர்வமும் இல்லை, கோபமும் இல்லை. அசதிதான்.

ஆனால் உன் பழக்கம் ஒன்று என்னிடம் தங்கிவிட்டது. ஒரு ஷெட் சிவந்ததும், தீயோ விபத்தோ என்று நீ அங்கே போன் போட்டு, "ஆளுகளுக்கு ஒண்ணும் இல்லையே?" என்றுதான் முதலில் கேட்பாய். நானும் அப்படித்தான் கேட்கிறேன். போனை எடுக்கும் பெண், "ஒண்ணுமில்லண்ணே" என்கிறாள். அதன் பிறகுதான் வயரைப் பற்றிப் பேசுகிறேன்.