லினக்ஸ் மேல போட்ட பழி

என்னங்க,

ஸ்ரீரங்கத்துக்கு அக்கா வீட்டுக்குப் போறேன். சாம்பார் அடுப்பு மேல இருக்கு. சோறு மட்டும் வைக்கல, நீங்கதான் வச்சுக்கணும். காரணமாத்தான் சொல்றேன்.

சாயங்காலம் உங்க ஆபீஸ் அன்வர் வந்து என் கம்ப்யூட்டர்ல லினக்ஸை அழிச்சிட்டு விண்டோஸ் போடுவார்னு நேத்து கத்தினீங்கல்ல? அவருக்குக் காபி குடுத்து அனுப்பிடுங்க. மெஷின் மேல கை பட்டுச்சுன்னா நான் ஸ்ரீரங்கத்துலயே தங்கிடுவேன்.

இன்டர்நெட் பாதியில பாதியில கட் ஆகுதேன்னு செட்டிங் எல்லாம் மாத்திப் பாத்தேன். மோடத்தையே மாத்தினேன். நேத்துதான், கனெக்‌ஷன் எப்ப போச்சுன்னு லினக்ஸ் எழுதற லாகைத் திறந்து வச்சுக்கிட்டு, காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்தேன். கிச்சன்ல உங்க கனைப்பு கேட்டுச்சு. அப்புறம் ஒரு ‘டக்’. அந்த நிமிஷமே லாக்ல, ‘லைன் போச்சு’. ஒவ்வொரு தடவையும் இதே கதைதான்.

நான் நெட்டை முடிச்சிட்டேனான்னு பாக்க கிச்சன் ஃபோனை எடுத்துக் காதுல வைக்கிறீங்க. நெட்டும் ஃபோனும் ஒரே லைன்ல ஓடுது; நீங்க எடுக்கறதாலதாங்க அது முடியுது! அப்புறம் வந்து, “உன் லினக்ஸ் லட்சணம் இதானா?”ன்னு எனக்கே திட்டு.

அதனால அந்த ஃபோனைக் கழட்டி ஒளிச்சு வச்சிட்டேன். தேடி அலையாதீங்க.

குழலி

பி.கு.: ஒரு ஆழாக்கு அரிசி போதும். டின்னுக்குள்ள கையை விடறப்ப கெட்டியா ஏதாவது தட்டுப்பட்டா பதறாதீங்க.

இன்னொண்ணு: சோறு வெந்ததும் அதையே மாட்டி அக்கா வீட்டுக்குக் கூப்பிடுங்க. நான் நெட்ல இருக்க மாட்டேன்.