கல்யாணப் பத்திரிகை என்று வந்த கோப்பும் மிரட்டப்படும் என் மகளும்

அனுப்புநர்:
ச. கோமதிநாதன்,
விசைத்தறி உரிமையாளர்,
லட்சுமியாபுரம், சங்கரன்கோவில்.

பெறுநர்:
காவல் ஆய்வாளர் அவர்கள்,
சைபர் கிரைம் பிரிவு, தென்காசி மாவட்டம்.

பொருள்: கைபேசியில் புகுந்த தீய செயலி மூலம் மகளின் படங்களைத் திருடி மிரட்டுவது – நடவடிக்கையும் பாதுகாப்பும் வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வாசுதேவநல்லூரில் இருக்கும் என் அண்ணன் சங்கரசுப்பிரமணியனுக்கும் எனக்கும் பாகப்பிரிவினையிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. சென்ற வாரம் அவர் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வந்தது. அண்ணன் மனமிறங்கி மகன் கல்யாணத்துக்கு அழைத்துவிட்டார் என்று பூரித்துப்போனேன். திறந்ததும் ஏதோ செயலியை நிறுவச் சொன்னது, போன் எச்சரித்தது. படங்கள், குறுஞ்செய்திகள், தொடர்பு எண்கள் என்று ஒவ்வொன்றாக அனுமதி கேட்டது. தயங்கினால் பத்திரிகையை மறுத்ததாகிவிடுமோ என்று பயந்து எல்லாவற்றுக்கும் சம்மதித்தேன். பத்திரிகை மட்டும் திறக்கவே இல்லை.

2. மறுநாள் மனைவியுடன் பழத்தட்டு எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். யாருக்குலே கல்யாணம் என்று அவர் விழித்த பிறகே விபரீதம் புரிந்தது. அவர் போனும் அதே கோப்பால் கெட்டு, அவருக்கே தெரியாமல் எல்லோருக்கும் அதை அனுப்பியிருக்கிறது.

3. என் போனிலிருந்த மகளின் படங்களை எவனோ எடுத்து, அசிங்கமாக மாற்றி, அவளுக்கே அனுப்பியிருக்கிறான். சொன்னபடி கேட்காவிட்டால் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போகும் என்கிறான். எல்லோருடைய எண்களும் அவனிடம் இருக்கின்றன. மகளின் பெயரை இங்கே எழுதவில்லை, மன்னிக்கவும். இந்த மனு எத்தனை மேசைகளைக் கடக்குமோ என்ற அச்சம்தான். அவள் கல்லூரிக்குப் போவதில்லை, சாப்பிடுவதில்லை. ஏதாவது செய்துகொள்வாளோ என்று என் மனைவி அவள் பக்கத்தை விட்டு நகர்வதில்லை.

4. சிம்மைக் கழற்றி, போனை அணைத்து வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் அழித்துவிடச் சொன்னார் போன் பழுதுபார்க்கும் கடைக்காரர். சாட்சியம் போய்விடும் என்று தொடவில்லை.

5. அவனைக் கண்டுபிடித்து, படங்கள் பரவாமல் தடுக்க வேண்டுகிறேன். பத்திரிகையைப் பார்க்க எந்தச் செயலியும் தேவையில்லை, நிறுவச் சொன்னால் திறக்காமல் அனுப்பியவரிடமே கேளுங்கள் என்று பேருந்து நிலையத்திலும் தறிக்கூடங்களிலும் ஒலிபெருக்கியில் அறிவிக்கவும் வேண்டுகிறேன். பகையாளியாக இருந்தாலும் கேட்டுவிட வேண்டும். நான் கேட்கவில்லை.

6. விசாரணைக்குப் பெண் காவலர் ஒருவரைச் சாதாரண உடையில் அனுப்பி உதவுங்கள். தயவுசெய்து போனில் மட்டும் அழைக்க வேண்டாம். வீட்டில் எந்தப் போன் அடித்தாலும் என் மகள் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறாள். கதவைத் தட்டினால் போதும், நானே வந்து திறப்பேன்.

இடம்: சங்கரன்கோவில்
நாள்: 14.07.2025

தங்களையே நம்பியிருக்கும்,
(ஒப்பம்)
ச. கோமதிநாதன்